புள்ளி வைக்காத கையெழுத்து

1. பல் துலக்காத காலை

எம்.எல்.ஏ. ஆன மறுநாள் காலை நான் பல் துலக்கவில்லை. துலக்க விடவில்லை என்று சொல்வதே சரி. பிரஷில் பேஸ்ட்டைப் பிதுக்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போனேன். அங்கே பதினைந்து பேர் நின்றார்கள். முன்வாசலுக்கு வந்தேன். தெருமுக்கு வரை ஆட்கள். எல்லார் கையிலும் ஒரு காகிதம். முதல் ஆள் கும்பிட்டுவிட்டுக் காகிதத்தை நீட்டினார். வாங்குவதற்காக பிரஷைச் சட்டைப்பையில் வைத்தேன். மத்தியானம் இரண்டு மணிக்கு வேட்டி மாற்றும்போதுதான் பிரஷ் அங்கேயே இருப்பது தெரிந்தது.

அரசியலுக்கு வர நினைக்கும் பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். சாதனைகளை எழுதலாம் என்று உட்கார்ந்தேன். அரைப்பக்கம் கூட வரவில்லை. செய்த தவறுகளை எழுதினால் பக்கம் போதாது. அதனால் ஒரே ஒரு தவறை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

எம்.எல்.ஏ. ஆவதற்கு முன் நான் ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் துணி கம்பெனியில் டெஸ்பாட்ச் கிளார்க். பதினோரு வருஷம் பண்டல் எண்ணி லாரியில் ஏற்றியவன். சாயங்காலங்களில் கட்சிக் கூட்டத்தில் முதல் ஆளாகப் பேசுவேன். முதல் ஆள் என்றால் தலைவர் வருவதற்குள் மைக் வேலை செய்கிறதா என்று பார்க்கப் பேசும் ஆள். எங்கள் ஊரில் கட்சிக்குள் இரண்டு கோஷ்டி. ஒருவருக்கு சீட் கொடுத்தால் மற்றவர் கவிழ்த்துவிடுவார். இரண்டு பேரும் ஒரு பொருட்டாக நினைக்காத ஆள் யார் என்று தலைமை தேடியிருக்கிறது. அப்படித்தான் நான் வேட்பாளர் ஆனேன். அந்த வருஷம் அடித்த அலையில் ஜெயித்தும்விட்டேன். என் பேச்சுத்திறமையால் ஜெயித்தேன் என்று நீண்ட நாள் நம்பிக்கொண்டிருந்தேன். சட்டசபையில் அந்த நம்பிக்கை போனது. முதல் வருஷம் நான் அங்கே பேசியதெல்லாம் அவைக்குறிப்பில் ‘குறுக்கீடு’ என்ற ஒரே சொல்லாக இருக்கிறது.

2. சுப்பையா கண்டுபிடித்த புள்ளி

முதல் வாரம் யார் எதைக் கேட்டாலும் லெட்டர்பேடில் சிபாரிசு எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஒரே வேலைக்கு ஏழு பேருக்கு சிபாரிசு போயிருந்தது. அந்த ஏழு பேரும் என் கடிதத்தோடு ஒரே நாளில் ஒரே அதிகாரி முன்னால் போய் நின்றிருக்கிறார்கள். அதிகாரி எனக்கு போன் போட்டு, “சார், நீங்களே ஒரு ஆளைச் சொல்லிட்டா நல்லாருக்கும்” என்றார். குரலில் சிரிப்பு தெரிந்தது.

என் உதவியாளர் சுப்பையா வருவாய்த்துறையில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளைச் சட்டை, காதில் எப்போதும் ஒரு பேனா. அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“அண்ணாச்சி, வாரவுகளுக்கெல்லாம் இப்படிப் போட்டுக் குடுத்தா, ஒரு மாசத்துல ஒங்க கையெழுத்த எவனும் மதிக்க மாட்டான்.”

“வந்தவுகள இல்லைன்னு எப்படியா அனுப்புறது?”

“இல்லைன்னு ஏன் சொல்லணும்? எல்லாருக்கும் போடுங்க. நெசமாவே நடக்கணும்னா மட்டும் கையெழுத்துக்குக் கீழ ஒரு புள்ளி வைங்க. ஆபீசருககிட்ட நான் சொல்லிருதேன். புள்ளி இருந்தாப் பாப்பாக. இல்லாட்டி வாங்கி வச்சுக்கிடுவாக.”

அந்த நிமிஷம் அவர் எனக்குக் கடவுளாகத் தெரிந்தார். வருகிறவர் சந்தோஷமாகப் போவார், அதிகாரிக்கும் தொந்தரவு இல்லை, எனக்கும் கெட்ட பெயர் இல்லை. சுப்பையா அதற்கு ஒரு கணக்கும் வைத்தார். ஒரு ஆபீசுக்கு மாதம் ஒரு புள்ளி. அதற்கு மேல் போனால் புள்ளிக்கும் மரியாதை போய்விடும் என்றார்.

இந்த ஏற்பாட்டை நான் எவ்வளவு ரசித்துச் செய்தேன் என்று நினைத்தால் இப்போது கூச்சமாக இருக்கிறது. புள்ளி இல்லாத கடிதத்தைத்தான் அதிக அன்போடு கொடுப்பேன். எழுந்து நின்று இரண்டு கையாலும் கொடுப்பேன். “கட்டாயம் நடக்கும், போயிட்டு வாங்க” என்பேன். புள்ளி வைத்ததை உட்கார்ந்தபடியே தள்ளிவிடுவேன். அதற்குத்தான் நடிப்பு தேவையில்லையே.

3. பேச்சியக்கா

ஒரு திங்கட்கிழமை வரிசையில் பேச்சியக்கா நின்றார். நான் வேலை பார்த்த அதே கம்பெனியில் பேண்டேஜ் ரோல் சுற்றுகிறவர். என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். நான் கிளார்க்காக இருந்தபோது அவர் தூக்குவாளியிலிருந்து எனக்குத் துவையல் வராத நாள் குறைவு. வீட்டுக்காரர் தவறிவிட்டார். வீட்டில் அக்காவின் சம்பளம் ஒன்றுதான் வருமானம்.

“வாங்கக்கா, நீங்க ஏன் வரிசையில நிக்கிய?”

“எல்லாரும் நிக்காகல்ல, நானும் நின்னேன். தம்பி, எங்க ஊருக்குக் காலையில ஒரு பஸ் வேணும்.”

அவர் ஊர் கரட்டுப்பட்டி. மலையடிவாரத்தில் தோப்புகளுக்கு நடுவே இருக்கிறது. அங்கிருந்து மெயின் ரோட்டுக்கு வர ஒரு மணி நேரம் நடக்க வேண்டும். கம்பெனி கேட் ஆறரைக்கு மூடும். பதினோரு பெண்கள் நாலரை மணி இருட்டில் கிளம்பி, காட்டுப்பன்றிக்குப் பயந்து டார்ச் அடித்துக்கொண்டு நடந்து வருகிறார்கள். ஐந்து நிமிஷம் தப்பினால் மெயின் ரோட்டு பஸ் போய்விடும். பிறகு கேட்டும் மூடிவிடும்.

“போன வாரம் ரெண்டு நாள் லேட்டாப் போச்சு. இன்னும் ஒரு நாள் லேட்டா வந்தா வேற ஆளப் போட்டுக்கிடுதேன்னு சூப்பர்வைசர் சொல்லிட்டாரு. அஞ்சு நாப்பதுக்கு எங்க ஊருல ஒரு வண்டி கெளம்புனாப் போதும் தம்பி. பதினோரு பேரும் பொழச்சுக்கிடுவோம்.”

நான் உடனே எழுதினேன். கையெழுத்துப் போட்டேன். புள்ளி வைக்கப் போனபோது சுப்பையா இருமினார். அந்த மாதம் பஸ் டெப்போவுக்கான புள்ளியை, கட்சி வட்டச் செயலாளர் வீட்டுக் கல்யாணத்துக்கு ஸ்பெஷல் பஸ் விடச் சொல்லி ஏற்கெனவே வைத்தாயிற்று. எந்த டெப்போ என்று சொல்ல மாட்டேன். அங்கே இருந்தவர்கள் மேல் தவறில்லை. நான் சொன்னதைத்தான் அவர்கள் செய்தார்கள்.

அடுத்த மாதம் வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்து எழுந்து நின்றேன். இரண்டு கையாலும் கடிதத்தைக் கொடுத்தேன்.

“அடுத்த வாரம் பஸ் வந்துரும்க்கா.”

அக்கா கண் கலங்கிவிட்டார். “நம்ம கம்பெனிப் பிள்ள எம்.எல்.ஏ. ஆனது எம்புட்டு நல்லதாப் போச்சு” என்று வரிசையில் நின்றவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டே போனார்.

அடுத்த மாதப் புள்ளி, தனக்கு வேறு ரூட் வேண்டும் என்று கேட்ட கட்சிக்கார டிரைவருக்குப் போனது. அதற்கடுத்த மாதம் ஒரு கோயில் கொடைவிழா ஸ்பெஷல் பஸ்ஸுக்கு. அக்கா மாதம் ஒருமுறை வந்தார். நானும் மாதம் ஒரு கடிதம் கொடுத்தேன். மொத்தம் நாலு கடிதம். நாலாவது கடிதத்தை வாங்கிக்கொண்டு கிளம்பினார். அதை வெளியே எடுத்துப்போய் வெயிலில் பிடித்து உற்றுப் பார்த்ததாக சுப்பையா சொன்னார். கண் பார்வை மங்கியிருக்கும், கண் முகாமுக்கு ஒரு சிபாரிசு கொடுக்கலாம் என்றேன். சத்தியமாக அப்படித்தான் சொன்னேன்.

4. கொடியசைத்தேன்

இரண்டு வாரம் கழித்து சுப்பையா ஓடி வந்தார். கரட்டுப்பட்டிக்குக் காலை ஐந்து நாற்பது ட்ரிப் வந்துவிட்டது என்றார். அந்த மாதப் புள்ளி தெப்பத்திருவிழாவுக்குப் போயிருந்ததால் எனக்கே ஆச்சரியமாக இருந்தது. எப்படி வந்தது என்று நான் கேட்கவில்லை. வந்த பஸ்ஸை எப்படி வந்தது என்று கேட்கிற எம்.எல்.ஏ. யாராவது உண்டா?

உடனே பிளெக்ஸ் அடித்தோம். ‘எங்கள் அண்ணனின் இடைவிடாத முயற்சியால்’ என்று முதல் வரி. அதில் நான் சிரித்துக்கொண்டு கும்பிடும் படம் பஸ்ஸைவிடப் பெரிதாக இருந்தது. முதல் நாள் பஸ்ஸை நான் கொடியசைத்துத் தொடங்கி வைப்பதாக டெப்போவுக்குச் சொல்லியாயிற்று. எம்.எல்.ஏ. வராமல் பஸ் நகரக் கூடாது என்பதும் சொல்லாமலே எல்லோருக்கும் தெரியும்.

நான் ஐந்து மணிக்கே தயாராகத்தான் இருந்தேன். போட்டோகிராபர் வரவில்லை. போட்டோ இல்லாத திறப்பு விழா எதற்கு என்று காத்திருந்தேன். கரட்டுப்பட்டிக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஆறு ஐந்து. பஸ் நின்றது. வாழைமரம் கட்டியிருந்தார்கள். பதினோரு பெண்களும் மடியில் தூக்குவாளியோடு உள்ளே உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் முகத்தை நான் பார்த்திருந்தால் புரிந்திருக்கும். நான் கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாலை, சால்வை எல்லாம் முடிந்ததும் மைக்கைக் கொடுத்தார்கள். பேசினேன். “தாய்மார்கள் இனி இருட்டில் நடக்க வேண்டியதில்லை” என்று ஆரம்பித்து, கட்சி வரலாறு வழியாக, திரும்பத் தாய்மார்களிடம் வந்து சேரப் பத்து நிமிஷம் ஆனது. ஜன்னல் வழியாகப் பேச்சியக்கா கையை நீட்டி ஏதோ சொன்னார். வாழ்த்துகிறார் என்று நினைத்து அவரைப் பார்த்துக் கும்பிட்டேன்.

அவர் என்ன சொன்னார் என்று டிரைவர்தான் பிறகு என்னிடம் சொன்னார். “தம்பி, பேசுனது போதும். வண்டிய விடச் சொல்லுங்க, கேட்டு அடைச்சிருவான்.”

அன்றைக்கு அவர்கள் போய்ச் சேர்ந்தபோது கேட் மூடியிருந்தது. பஸ் இல்லாதபோது கூட மாதத்தில் ஒன்றிரண்டு பேர்தான் லேட். நான் பஸ் தொடங்கி வைத்த அன்று பதினோரு பேரும் லேட். ஒருவரை நிறுத்தலாம், பதினோரு பேரையும் ஒரேயடியாக நிறுத்த முடியாது என்பதால்தான் சூப்பர்வைசர் உள்ளே விட்டிருக்கிறார். இதைக் கேள்விப்பட்டபோது போய் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். மறுநாள் பேப்பரில் என் போட்டோ நன்றாக வந்திருந்தது. அந்தச் சந்தோஷத்தில் மறந்துவிட்டேன்.

5. தலைவரானது

இரண்டு முறை ஜெயித்தேன். மூன்றாவது முறை சீட் உண்டா என்று கேட்க சென்னைக்குப் போனேன். எங்கள் கட்சித் தலைவர் எழுந்து நின்றார். இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டார். “உங்களுக்கு இல்லாததா? கட்டாயம் நடக்கும், போயிட்டு வாங்க” என்றார்.  எழுந்து நின்று இரண்டு கையாலும் கொடுத்தால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா?

சீட் வேறொருவருக்குப் போனது. கோபத்தில் கட்சியை விட்டு வெளியே வந்தேன். என்னைப் போலவே கோபப்பட்ட சிலர் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் கூடினோம். புதுக் கட்சி என்று முடிவானது. தலைவர் யார் என்பதில்தான் சிக்கல். ஒருவருக்கு மகன் அரசு வேலையில் இருந்தான். இன்னொருவர் கான்ட்ராக்ட் எடுத்திருந்தார். மூன்றாமவர் பழைய கட்சியோடு இன்னும் பேசிக்கொண்டிருந்தார். “இழக்கதுக்கு ஒண்ணும் இல்லாத ஆளு யாரு?” என்று கேட்டார் ஒருவர். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். கைதட்டல் பலமாக இருந்தது.

கட்சியின் பெயர் ஐந்து சொற்கள். முழுதாகச் சொல்லி முடிப்பதற்குள் டீ ஆறிவிடும் என்பதால் இங்கே விட்டுவிடுகிறேன். தலைமை அலுவலகம் ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் குடோனுக்கு மேல்மாடி. சுழல் நாற்காலி ஒன்று வாங்கி அதன் முதுகில் வெள்ளைத் துண்டு போட்டோம். சுப்பையா என்னை ‘தலைவரே’ என்று கூப்பிட ஆரம்பித்தார். பழைய கட்சியில் தலைவர் பெயரைச் சொல்லும்போது செருப்பைக் கழற்றுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் கட்சியில் மாடிப்படி அழுக்காகும் என்று குடோன்காரர் சொன்னதால் எல்லோரும் செருப்பைக் கழற்றினார்கள். நான் அதைப் பார்த்துக்கொண்டே நாற்காலியில் சுற்றுவேன்.

6. பத்துக் கையெழுத்து

தேர்தல் வந்தது. வேட்புமனுத் தாக்கலின் கடைசி நாள்தான் ஜோசியர் குறித்த நாள். ராஜபாளையத்தில் மேளதாளத்தோடு ஊர்வலம் போனேன். நல்ல கூட்டம். மத்தியானம் ஒன்று நாற்பதுக்கு அதிகாரி முன்னால் மனுவை வைத்தேன். முன்மொழிபவர் இடத்தில் என் மச்சான் கையெழுத்துப் போட்டிருந்தார். முன்பு இரண்டு முறையும் ஒரே ஒரு கையெழுத்துதான் தேவைப்பட்டது.

அதிகாரி மனுவைப் புரட்டிப் பார்த்தார். “சார், பெரிய கட்சிகளுக்குத்தான் முன்மொழிய ஒரு ஆள் போதும். உங்க கட்சி பதிவு செஞ்சது, ஆனா அங்கீகாரம் இல்ல. பத்துப் பேர் கையெழுத்து வேணும். பத்துப் பேரும் இந்தத் தொகுதி வாக்காளரா இருக்கணும். மூணு மணி வரைக்கும் நேரம் இருக்கு.”

பத்து வருஷம் சட்டசபையில் உட்கார்ந்தவனுக்கு இந்தச் சட்டம் தெரியவில்லை. பரவாயில்லை, வெளியேதான் அத்தனை கூட்டம் நிற்கிறதே என்று ஓடினேன். சுப்பையா வாக்காளர் பட்டியலைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கேட்டார். எல்லோரும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வேனில் கூட்டி வந்தவர்கள். ஒருவருக்கும் எங்கள் தொகுதியில் ஓட்டு இல்லை. பட்டியலைப் புரட்டிக்கொண்டே வந்த சுப்பையா நிமிர்ந்து பார்த்தார்.

“தலைவரே, ஒங்க மச்சானுக்கும் ஓட்டு அங்கதான் இருக்கு.”

மேளக்காரர்கள் நிலைமை தெரியாமல் அடித்துக்கொண்டே இருந்தார்கள்.  மனு தாக்கல் ஆகாவிட்டால் கட்சி அன்றோடு முடிந்தது. போட்டியிடக் கூடத் தெரியாத தலைவர் என்று ஊரே சிரிக்கும். இந்தத் தொகுதியில் ஓட்டுள்ள பத்துப் பேர், ஒரே இடத்தில், இந்த நேரத்தில் எங்கே இருப்பார்கள்? எனக்குத் தெரிந்து ஒரே இடம்தான் இருந்தது.

ஆட்டோ பிடித்துப் பழைய கம்பெனிக்குப் போனோம். ஷிப்ட் முடிய இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. கரட்டுப்பட்டிப் பெண்கள் பதினோரு பேரும் ஒரே நீள மேசையில் ரோல் சுற்றிக்கொண்டிருந்தார்கள். மாலையும் கழுத்துமாக நான் போய் நின்றதும் எல்லோரும் நிமிர்ந்தார்கள். மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னேன். “அக்கா, கையெழுத்து மட்டும் போட்டாப் போதும்” என்றேன்.

பேச்சியக்கா கையில் ஒட்டியிருந்த நூலைத் தட்டிவிட்டார். “ஏட்டி, வாங்க. தம்பி கேக்காருல்ல, போட்டுக் குடுப்போம்” என்றார். ஒருவருக்குக் கைநாட்டு. அதை அதிகாரி முன்னால்தான் வைக்க வேண்டும் என்பதால் அவரை விட்டுவிட்டு, மீதிப் பத்துப் பேர் வரிசையாக வந்தார்கள். சுப்பையா பட்டியலைப் பார்த்துப் பாகம் எண், வரிசை எண் எழுதிக்கொண்டே வந்தார். முதலாவது பேச்சியக்கா. பெயரை நிதானமாக எழுதினார். எழுதிவிட்டுப் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி என்னைப் பார்த்தார்.

“தம்பி, கீழ புள்ளி வைக்கணுமா, வேண்டாமா?”

 சுப்பையா பட்டியலுக்குள் தலையைப் புதைத்துக்கொண்டார்.

“ஒங்க மூணு லெட்டரையும் எடுத்துக்கிட்டு நாங்க டெப்போவுக்குப் போனோம். அங்க ஒரு கிளார்க்குதான், பாவம், பொறுக்க மாட்டாமச் சொல்லிட்டாரு. இதுல புள்ளி இல்லம்மா, நீங்க எத்தன தடவ வந்தாலும் நடக்காதுன்னாரு. நாலாவது லெட்டர்லயும் புள்ளியக் காணோம். சரின்னு பதினோரு பேரும் ஒருநா வேலைக்கிப் போகாம, தூக்குவாளியோட டெப்போவுலயே போயி உக்காந்துட்டோம். சாயங்காலம் பஸ்ஸுக்கு ஆர்டர் போட்டாக.”

என்னால் அவரைப் பார்க்க முடியவில்லை. மேசையில் இருந்த வெள்ளை ரோல்களையே பார்த்துக்கொண்டு நின்றேன். வெட்கம் என்றால் என்ன என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. இத்தனைக்கும் எனக்கு இரண்டு கட்சி அனுபவம்.

“வேண்டாம்க்கா” என்றேன் மெதுவாக. “மனுவுல அதெல்லாம் வேண்டாம்.”

“சரி, வைக்கல” என்று பேனாவை அடுத்தவரிடம் கொடுத்தார்.

இரண்டு ஐம்பதுக்கு மனுவை உள்ளே கொடுத்தேன். ஏற்றுக்கொண்டார்கள். எங்கள் கட்சிக்கு ஒதுக்கிய சின்னம் டூத் பிரஷ்.

7. எண்ணிக்கை நாள்

தோல்வியைப் பற்றி நீட்டி எழுத ஒன்றும் இல்லை. டெபாசிட் போனது. ஆனால் பூத் வாரியாகப் பார்த்துக்கொண்டே வந்தபோது கரட்டுப்பட்டியில் ஒரு எண் கண்ணில் பட்டது. என்னை முன்மொழிந்து கையெழுத்துப் போட்டவர்கள் பத்துப் பேர். அந்த பூத்தில் டூத் பிரஷுக்கு விழுந்த ஓட்டு ஒன்று.

சுப்பையா இரண்டு முறை கூட்டிப் பார்த்தார். ஒன்றை எத்தனை முறை கூட்டினாலும் ஒன்றுதான்.

8. ஐந்து நாற்பது

தேர்தலுக்குப் பிறகு கட்சியின் கார் போய்விட்டது. கார் பொருளாளருடையது. அவர் பழைய கட்சிக்குத் திரும்பியபோது அதுவும் கூடவே திரும்பியது. எனவே ஒருநாள் காலை டவுன் பஸ் ஏறிக் கரட்டுப்பட்டிக்குப் போனேன். அந்த ஒரு ஓட்டு யாருடையது என்று கண்டுபிடித்து அவரை மாவட்டச் செயலாளர் ஆக்குவது என் திட்டம். போகும்போது பஸ்ஸில் நானும் டிரைவரும் கண்டக்டரும்தான்.

ஊரில் இறங்குவதற்குள் பதினோரு பெண்களும் ஏறிவிட்டார்கள். எனக்கு இறங்கத் தோன்றவில்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஐந்து நாற்பதுக்கு பஸ் கிளம்பியது. பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. கண்டக்டர் என் ஒருவனுக்காக எழுந்து வந்து டிக்கெட் கிழித்தார்.

“என்ன தம்பி, இந்தப் பக்கம்?” என்று பேச்சியக்கா கேட்டார்.

கேட்டேவிட்டேன். “பத்துப் பேரும் கையெழுத்துப் போட்டீங்களேக்கா. ஒரு ஓட்டுதான் விழுந்திருக்கு.”

“கையெழுத்து மட்டும் போட்டாப் போதும்னிய, போட்டோம். ஓட்டு கேக்கலையே.” அக்கா சிரிக்காமல்தான் சொன்னார். “நீங்க கையெழுத்து மட்டும் குடுத்திய. நாங்களும் அம்புட்டுதான் குடுத்தோம்.”

“அந்த ஒரு ஓட்டு யாருக்கா?”

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள். “யாருன்னு நாங்களும் தேடிக்கிட்டுத்தான் இருக்கோம்” என்றார் பின் சீட்டிலிருந்து ஒருவர்.

சிரிப்பு அடங்கியதும்தான் விஷயம் தெரிந்தது. ஒன்றாம் தேதியிலிருந்து இந்த ட்ரிப்பை நிறுத்தப் போகிறார்களாம். கண்டக்டர் சொல்லியிருக்கிறார். அதனால் அன்றைக்கு அவர்கள் வேலைக்குப் போகவில்லை, டெப்போவுக்குத்தான் போகிறார்கள். எனக்கு வழக்கமான வாய் வந்துவிட்டது. “நான் ஒரு லெட்டர்...”

“லெட்டரா?” என்றார் அக்கா.  சிறிது தூரம் போன பிறகு அவரே கூப்பிட்டார். “வேல ஒண்ணும் இல்லைன்னா நீங்களும் வாங்க.”

ஒரு கட்சியின் தலைவருக்கு அன்று ஒரு வேலையும் இல்லை.

டெப்போ மேனேஜர் புதியவர். என்னை அடையாளம் தெரியவில்லை. “நீங்க யாரு?” என்று கேட்டார். ஐந்து சொல் கட்சிப் பெயர் நுனிநாக்கு வரை வந்தது. “கரட்டுப்பட்டி பஸ் விஷயமா வந்தவன்” என்றேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பார்க்கலாம் என்றார். “பாருங்கய்யா, நாங்க உக்காந்திருக்கோம்” என்றார் பேச்சியக்கா. வராந்தா பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்தார்கள். ஓரத்தில் எனக்கும் கொஞ்சம் இடம் விட்டார்கள்.

பத்து மணிக்குத் தூக்குவாளிகள் திறந்தன. நோட்டுத் தாளில் எழுதிய மனு என்னிடம் வந்தது. பத்துக் கையெழுத்து, ஒரு கைநாட்டு. பன்னிரண்டாவதாக நான் போட்டேன். அக்கா தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து உற்றுப் பார்த்தார்.

“புள்ளியக் காணோமே?”

“நானே வந்திருக்கேன்லக்கா.”

அவர் மனுவை மடித்து வைத்தார். பிறகு தூக்குவாளி மூடியில் இரண்டு இட்லி வைத்து, ஓரத்தில் துவையலை வைத்து நீட்டினார். ஒரு வாய் தின்றதும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். துவையலில் காரம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

மத்தியானம் மேனேஜர் கூப்பிட்டார். ட்ரிப் தொடரும் என்று எழுதிக் கொடுத்தார். அரசியலுக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்ல வேண்டியது இதுதான். கையெழுத்துப் போட்டு அனுப்புவது சுலபம். முடிந்தால் கூடப் போய் அந்த பெஞ்சில் உட்காருங்கள். நான் இதைக் கற்றுக்கொள்ள இரண்டு முறை ஜெயித்து, ஒரு கட்சியே தொடங்க வேண்டியிருந்தது.

அடுத்த மாதம் ஒன்றாம் தேதி காலை கரட்டுப்பட்டியில் போய் நின்று பார்த்தேன். வாழைமரம் இல்லை, பிளெக்ஸ் இல்லை, கொடியசைக்க யாரும் இல்லை. பஸ் ஐந்து நாற்பதுக்குச் சரியாகக் கிளம்பியது.